முட்டிக்குக் கீழே ஒரு கட்டைவிரல்

இங்கேதான். இல்லை, இன்னும் ஒரு நூல் கீழே. முட்டிச் சிரட்டை முடிகிற இடத்துக்கும் கீழ்க்கால் எலும்பு தலைகாட்டுகிற இடத்துக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அதற்குள் தாம்புக்கயிறு மாதிரி ஒன்று ஓடுகிறது, அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காலை மடக்கினால் வலி இல்லை, விரலை எடுத்தால் சுள்ளென்று ஏறுகிறது. அமுக்கினேன், இல்லை. எடுத்தேன், இருக்கிறது. திரும்பவும் அமுக்கினேன். நான்கு தடவை பார்த்தாகிவிட்டது, இது மனப்பிராந்தி இல்லை. காலையில் கறிக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துவிட்டு மணையிலிருந்து எழுந்திருக்கப் பயந்து சும்மா பிடித்த இடம், எட்டு வாரமாக எண்ணெய் தேய்த்து, தைலம் தேய்த்து, ஐஸ் வைத்து, சுற்றிச் சுற்றி வந்தும் கைக்கு அகப்படாத இடம், வெங்காய நாற்றக் கையில் வந்து அகப்பட்டது. டாக்டரம்மா சொன்னார், நரம்பு இல்லம்மா, தசைநார், குதிச்சு ஓடி ஆடுறவங்களுக்கு இழுபடும், ஆட்டத்தைக் கொஞ்ச நாள் குறைச்சுக்கங்க, தொடையைப் பலப்படுத்துங்க என்று. ஆட்டத்தைக் குறைக்கவில்லை, தொடையைப் பலப்படுத்துகிறேன் என்று அடுப்படிச் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரைக்கும், தினமும். போன வாரம் போனபோது, மெல்ல ஆடிப் பாருங்க, வலிச்சா நிறுத்திரணும் என்றார். அவர் சொன்னபடி வாங்கிய முட்டியுறை, நடுவில் வட்டமாக ஓட்டை போட்டது, நான்கு எட்டு வைத்தால் கணுக்காலுக்கு இறங்கிச் சாக்ஸாகிவிடுகிறது. கடைக்காரர் என்னைப் பார்த்துக் கொடுத்தாரா, யானையைப் பார்த்துக் கொடுத்தாரா தெரியவில்லை. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது, முட்டிக்கு உறை வேண்டாம், ஒரு கட்டைவிரல் வேண்டும், அவ்வளவுதான். களைக்காத கட்டைவிரல். பேட்டைப் பிடிக்க ஒரு கை, தடுமாறினால் வீசிச் சமாளிக்க ஒரு கை, ஆக எனக்கு மூன்றாவதாக ஒரு கை, அதில் ஒரே ஒரு விரல். மணி ஒன்றரை. நான்கரைக்கு ஆட்டம். மூன்று மணி நேரத்தில் ஒரு விரல் செய்ய முடியாதா சந்தனமாரி, மில்லில் ஒரு ஷிஃப்டில் எத்தனை நூல் முடிச்சு போடுகிறாய் நீ.

இன்றைக்குச் செய்யாவிட்டால் ஜெசிந்தா போய்விடுவாள். இந்த நினைப்பு வந்ததும் வெங்காயமும் தெரியவில்லை, முட்டியும் தெரியவில்லை, நெஞ்சு மட்டும் தெரிகிறது. வெள்ளிக்கிழமை ஞானதுரை சார், எங்கள் மில் அணியின் கோச், வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "ஜெசிந்தா முன்னால பந்த விட்டுக்கிட்டே இருக்காம்மா. ஞாயித்துக்கிழமை ஒரு ஆட்டம் பாப்போம். தேறலன்னா மாவட்டப் போட்டிக்கு வேற ஆளப் போட்டுரலாம்." நான் தலையாட்டினேன். மாடு மாதிரி ஆட்டினேன். பூப்பந்து ஆட்டத்தில் எங்கள் ஐந்து பேரில் வலையை ஒட்டி இரண்டு பேர், இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். எதிராளி வலைக்குப் பக்கத்தில் பொத்தென்று போடுகிற பந்தை ஒரே எட்டில் விழுந்து எடுக்க வேண்டும், பந்து தரையைத் தொட்டால் புள்ளி போச்சு. வலது காலை நீட்டி, முட்டியை மடக்கி, அப்படியே நிற்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன்னால் அப்படி எட்டு வைத்தபோது முட்டிக்குள் யாரோ ஊசியைச் செருகியதுபோல் இருந்தது. அடுத்த பந்து வந்தது, அதே இடம், என் இடம், எனக்குக் கால் போகவில்லை, வாய்தான் போனது. "ஜெசி, உனக்கு!" என்று கத்தினேன். அவள் ஓடி வந்தாள். எடுத்தும்விட்டாள், பாவி. எடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அன்றிலிருந்து இதே பிழைப்பு. என் பந்துக்கு அவள் ஓடி வருவாள், எதிராளி அவள் விட்டு வந்த மூலையில் போடுவாள், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், புள்ளி போகும், சார் தலையில் அடித்துக்கொள்வார், ஜெசிந்தா எங்க நிக்கிற, உன் எடம் எது? இருபத்துமூன்று வயதுப் பெண், மில்லில் ஸ்பின்னிங் பக்கம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து என் பந்துக்கு ஓடுகிறாள், திட்டு வாங்குகிறாள், என்னைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. போன புதன்கிழமை பைப்படியில் முகம் கழுவும்போது, "அக்கா, நான் மெதுவா ஓடுறேனாக்கா?" என்று கேட்டாள். இல்லடி, நல்லாத்தான் ஓடுற என்றேன். நல்லாத்தான் ஓடுறாளாம், சொல்கிறது யார், அவளை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறவள். நாற்பத்தோரு வயதில் எனக்கு என்ன பயம்? உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு தரம் உட்கார வைத்தால் அப்புறம் தண்ணீர் பாட்டில் தூக்கவும் புள்ளி சொல்லவும்தான் கூப்பிடுவார்கள். இதற்காக ஒரு பெண் பிள்ளையின் காலை வாரினேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், இதற்கு வேறு நல்ல வார்த்தை இல்லை.

அவர் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு வயிற்றில் விழுந்தால் என் வீட்டுக்காரர் பரமானந்தம் இரண்டு மணி நேரத்துக்கு இந்த உலகத்தில் இல்லை. வீட்டு முகப்பில்தான் அவருடைய குஷன் கடை, ஆட்டோ சீட்டு, வேன் சீட்டு, பைக் டேங்க் கவர். என் புருஷனுக்கு மனிதர்களைவிட சீட்டுகளைப் பற்றி நன்றாகத் தெரியும். இருபது வருஷம் பார்த்துப் பார்த்து எனக்கும் தெரியும், அந்தக் கர்வத்தில்தான் சறுக்கினேன். கத்தரிக்கோலை எடுத்தேன், மெரூன் ரெக்ஸின் துண்டு ஒன்றை எடுத்தேன், காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்குக் கீழே டேப்பைச் சுற்றினேன், அளவு பதின்மூன்று இன்ச். சீட்டுக் கவரை அளவைவிடக் குறைச்சு வெட்டணும், இழுத்துப் பிடிச்சு அடிக்கணும், இல்லேன்னா ஒரு மாசத்துல தொளதொளன்னு ஆயிரும் என்று அவர் கடைப் பையன்களுக்குச் சொல்வது காதில் ஓடியது, இரண்டு விரல் குறைத்தே வெட்டினேன். டேங்க் கவருக்குத் தைக்கிற வெல்க்ரோவை இரண்டு முனையிலும் வெளியே நீட்டிவிட்டுக் கையாலேயே தைத்தேன், மிஷினை மிதித்தால் எழுந்துவிடுவார். இழுத்து, பல்லைக் கடித்து, ஒட்டினேன். என்ன அழகு. தடவிப் பார்த்தேன், புது ஆட்டோ சீட்டு மாதிரி ஒரு சுருக்கம் இல்லை. எழுந்து நின்றேன். நடந்தேன், அடுப்படி வரை, திரும்ப முகப்பு வரை, வெற்றி வெற்றி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே, அப்புறம் குனிந்து முட்டியை மடக்கினேன், அவ்வளவுதான், கெண்டைச்சதை பிதுங்கி, பாதம் மரத்து, கால் விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன. தரையில் தட்டினேன், தட்டியது காதுக்குக் கேட்டது, காலுக்குத் தெரியவில்லை. பிய்த்தெறிந்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி ரத்தம் திரும்பி வந்தது. ஐயோ, ஆடுகளத்தில் இப்படி ஆகியிருந்தால் விழுந்து கையையும் உடைத்திருப்பேன். நாற்பத்தொன்று, சந்தனமாரி, நாற்பத்தொன்று, உன் வயதுக்காரிகள் இந்த நேரத்தில் டிவி பார்த்துக்கொண்டே கண்ணயர்கிறார்கள், நீ காலில் ரெக்ஸினைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாய். அடியே, சீட்டு மடங்காது, மடங்குமா? உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி கிடக்கும். முட்டி மடங்குமே, மடங்கினால் சதை பருக்குமே, நீட்டின காலுக்கு அளவெடுத்து மடக்கின காலில் கட்டுகிறாயே. குஷன்காரன் பெண்டாட்டியைத் தவிர எவளும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன், உள்ளே குறட்டை ஒரு நிமிஷம் நின்று திரும்ப ஆரம்பித்தது.

ரெண்டே கால். இந்தத் தடவை மணையில் உட்கார்ந்து, காலை அரைவாசி மடக்கி, விழுந்து எடுக்கப் போகிற மாதிரியே வைத்துக்கொண்டு அளந்தேன். ரெக்ஸின் வேண்டாம், வேர்த்தால் வழுக்கும். ஸ்கூல் பைக்குத் தோளில் போடுகிற நாடா இருந்தது, கறுப்பு, இரண்டு விரல் அகலம். அதன் உள்பக்கம் அவருடைய பழைய பனியன் துணி, தோலை அறுக்காமல் இருக்க. சரி, விரல்? விரலுக்கு என்ன செய்வது? ஃபோம் வைத்தேன், அமுங்கிவிட்டது, அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, இத்தனைக்கும் சீட்டுக்குப் போடுகிற கெட்டி ஃபோம், நாற்பது டென்சிட்டி. மரக்கட்டை வைக்கலாமா, எலும்பில் இடிக்கும். துணியைச் சுருட்டினேன், பிரிந்துகொண்டது. மணி ஓடுகிறது. எங்கே போனாலும் அந்தப் பைப்படிக்கே நினைப்பு திரும்பிப் போகிறது, நான் மெதுவா ஓடுறேனாக்கா, நான் மெதுவா ஓடுறேனாக்கா, குழாயை நிறுத்தாமலே கேட்டாள், தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போனால் நல்லது என்று நினைத்துக் கேட்டாளோ என்னவோ. கெட்டியாகவும் இருக்க வேண்டும், குத்தவும் கூடாது. அமுங்கவும் வேண்டும், அப்பளமாகவும் கூடாது. ஒரு நாளைக்கு ஆயிரம் அடி வாங்கினாலும் உருண்டையாகவே இருக்க வேண்டும். ஆயிரம் அடி வாங்கினாலும். நான் பேட்டுப் பையைத் திரும்பிப் பார்த்தேன். கொக்கியில் தொங்குகிறது. உள்ளே மூன்று பழைய பந்து கிடக்கிறது, மஞ்சள் கம்பளிப் பந்து, அழுக்கேறி மண் நிறமாகி, ஆட்டத்துக்கு ஆகாது என்று சார் தூக்கிப் போட்டதைத் தூக்கி வந்து வைத்திருந்தேன், எதற்கென்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. ஆயிரம் என்ன, பத்தாயிரம் அடி வாங்கின கம்பளி. ஒரு பந்தைப் பிடித்து நுனியை நெம்பினேன், இழை வந்தது, வந்துகொண்டே இருந்தது. நூலும் நானும் பழக்கம், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நூல் சுற்றுகிறவள் நான், இழுவிசை குறையாமல், பிசிறில்லாமல், ஒரு இழை மேல் ஒரு இழை, இறுக்கி இறுக்கிச் சுற்றினேன். சுண்டுவிரல் நீளம், கட்டைவிரல் பருமன், மஞ்சளாக ஒரு உருளை. அமுக்கினேன், கொஞ்சம் கொடுத்தது, அப்புறம் நின்றது. அப்படியே நின்றது! கத்தாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை நாடாவில் எப்படி நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை, சீட்டு ஓரத்தில் கயிறு வைத்துச் சுற்றித் தைப்பார்களே பைப்பிங், வரம்பு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான் இது, கயிற்றுக்குப் பதில் கம்பளி. குஷன்காரன் பெண்டாட்டி தப்புச் செய்தாள், குஷன்காரன் பெண்டாட்டியே திருத்தினாள். ரெக்ஸினில் தைத்த வெல்க்ரோவைப் பிரித்து நாடா முனைகளில் வைத்தேன், ஊசி நாடாவுக்குள் போக மாட்டேன் என்றது, உள்ளங்கையில் ரெக்ஸின் துண்டை வைத்துத் தள்ளினேன், இரண்டு இடத்தில் விரலிலும் ஏறியது, போகட்டும்.

கட்டினேன். சிரட்டைக்குக் கீழே, பள்ளத்துக்கு நேரே, உருளை உட்கார்ந்த உடனே தெரிந்துவிட்டது, பூட்டுக்குள் அதன் சாவி போனால் ஒரு சின்னச் சத்தம் கேட்குமே, அது காலுக்குள் கேட்டது. உட்கார்ந்தேன், எழுந்தேன். கால் விரலை ஆட்டினேன், எல்லாம் என்னுடைய விரல்கள். வாசல்படி மூன்றிலும் இறங்கினேன், ஏறினேன், எட்டு வாரமாக ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால் வைத்தவள் படிக்கொரு கால் வைத்து ஏறினேன். கடைக்குள்ளே வேன் சீட்டுக்கும் மிஷினுக்கும் நடுவே இடம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பயந்துகொண்டுதான், பொய் சொல்வானேன், வலது காலை நீட்டி ஒரு எட்டு வைத்து விழுந்தேன். காத்திருந்தேன். ஊசி வரவில்லை. லேசாக ஒரு முனகல், இருக்கிறேன் என்று சொல்கிற அளவுக்கு, அவ்வளவுதான். இன்னொரு எட்டு. இன்னொன்று. ஐந்தாவது எட்டில், "என்ன கூத்து இது?" என்று குரல் கேட்டது. அவர், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அரைக்கண்ணில். நான் அப்படியே மடக்கின காலோடு, கையில் பேட் கூட இல்லை, தடுக்கி விழுகிறவள் சிலையானது போல. "சும்மா" என்றேன். "சும்மாவா? முட்டி வலிய ரெண்டு மாசமா மறைச்சிட்டு இப்ப சும்மாங்கிற?" என்றார். தூக்கிவாரிப்போட்டது. "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" "படியில ஒத்தக் கால இழுத்துக்கிட்டு ஏறுறவளுக்கு நான் புருஷனா, வழிப்போக்கனா? நீயாச் சொல்லுவன்னு இருந்தேன். எங்க, காட்டு." குனிந்து பார்த்தார். விரலால் அமுக்கிப் பார்த்தார், கீழே ஒரு விரல் விட்டு இறுக்கம் பார்த்தார், வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டினார். எனக்குப் பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. "அளவு சரியா எடுத்திருக்க" என்றார். "மொதல்ல நீட்டி அளந்தேன், கால் செத்துப்போச்சு." "செத்துத்தான போகும், மடங்குற எடம்ல." பிறகு முகத்தைச் சுளித்தார். "ஆனா என்ன தையல் இது, கோழி கிளறுன மாதிரி? கழட்டு, மிஷின்ல ரெண்டு ஓட்டு ஓட்டித் தாரேன்." இருபது வருஷத்தில் அவர் மிஷினில் ஓட்டித் தருகிறேன் என்று சொல்லி நான் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. "ஒண்ணும் வேண்டாம், நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார், சிரித்தார், "சரி, வலிச்சா உக்காந்திரு" என்றார். உட்காருகிறேன், உட்காருகிறேன், டாக்டரம்மாவுக்கும் அதுதான் வாக்கு. சைக்கிளில் கால் வைத்து அழுத்தும்போது பாட்டே வந்துவிட்டது வாயில். பாதி வழியில் நின்றுவிட்டது. விரல் செய்தாயிற்று, சரி, எட்டு வாரத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்று உள்ளே ஒருத்தி கேட்டாள். ஆட்டத்தில் நன்றாக ஆடிவிட்டால் போதாதா? ஜெசிந்தா தப்பித்துவிடுவாள், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம், சுபம். அந்த யோசனை எவ்வளவு வசதியாக இருந்ததோ அவ்வளவு அசிங்கமாக இருந்தது, அதையும் கூடவே ஏற்றிக்கொண்டுதான் மிதித்தேன்.

மில் மைதானத்தில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருந்தார்கள். காலில் கட்டின நாடாவை யாரும் கவனிக்கவில்லை, ட்ராக் பேன்ட்டுக்குள் இருக்கிறது, எனக்கு மட்டும் தெரிகிற விரல். இரண்டு பந்து பின்னால் போனது, மூன்றாவது எனக்கு வந்தது. வலையை உரசி, பொத்தென்று, என் மூலையில், எட்டு வாரமாக எந்த இடத்தைப் பார்க்கப் பயந்தேனோ அதே இடத்தில் இறங்குகிறது, மஞ்சள் உருண்டை, மெதுவாக இறங்குகிற மாதிரி இருந்தது, நான் யோசிக்கவில்லை, கால் யோசிக்காமலே போய்விட்டது, நீண்டது, மடங்கியது, நின்றது, பேட் பந்துக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டது, எடுத்துவிட்டேன் எடுத்துவிட்டேன் என்று உடம்பு முழுக்கக் கூவுகிற நேரத்தில் வலது பக்கமிருந்து முழு வேகத்தில் வந்து என் மேல் மோதினாள் ஜெசிந்தா. இரண்டு பேட்டும் படாரென்று அடித்துக்கொண்டன. பந்து எங்கேயோ போனது. இரண்டு பேரும் ஈர மண்ணில் கிடந்தோம், அவள் முழங்கை என் விலாவில். விசில் ஊதினார் சார். "ஜெசிந்தா! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? அது யாரு பந்து?" அவள் எழுந்து உட்கார்ந்து மண்ணைத் தட்டினாள், என்னைப் பார்க்கவில்லை, "அக்கா பந்துதான் சார். எடுக்க மாட்டாங்கன்னு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எடுக்க மாட்டாங்கன்னா?" என்றார் சார். இப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாருங்கள் இந்தப் பிள்ளையை. நான் பேசினேன். மண்ணில் உட்கார்ந்தபடியே, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ரெண்டு மாசமா எனக்கு முட்டி வலி சார். யார்கிட்டயும் சொல்லல. என் பந்துக்கெல்லாம் இவதான் ஓடுனா. இவ எடம் காலியா கெடந்ததுக்குக் காரணம் நான். மாத்துறதுன்னா என்ன மாத்துங்க" என்றேன். சொன்ன பிறகு என்ன லேசு, அடேயப்பா. சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நான் ட்ராக் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டின நாடாவைப் பார்த்தார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது, அது நியாயம்தான், எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படட்டும். "வலிக்குதா இப்ப?" என்றார். "இல்ல சார்." "நெசமாவா?" "வலிச்சா நானே உக்காந்திருவேன் சார், இனிமே மறைக்க மாட்டேன்." விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் திரும்ப இறக்கினார். "அப்ப ரெண்டு மாசமா முன்னால ஒருத்தி ஆட்டத்தத்தான் பாத்திருக்கேன்" என்றார், "ரெண்டு பேரும் சேந்து ஆடி நான் இன்னும் பாக்கவே இல்ல." விசிலை ஊதினார். ஜெசிந்தா எழுந்து கையை நீட்டினாள், பிடித்து எழுந்தேன், அவள் ஓடிப்போய் வலது மூலையில் நின்றுகொண்டாள், அவள் இடத்தில், ஒரு சாண் கூட இந்தப் பக்கம் வராமல். பந்து எழும்பியது. எங்கே வேண்டுமானாலும் போடு.